நூத்துக்கு ரெண்டு

நடை சாத்திட்டாங்க சார். இப்பத்தான், நீங்க வண்டிய நிறுத்துறதுக்குள்ள. இனி நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க. கதவத் தட்டியெல்லாம் பாக்காதீங்க, கலெக்டரே வந்தாலும் பூசாரி தொறக்க மாட்டாரு. இந்த வெயில்ல எங்க போவீங்க, இப்படி நெழலுக்கு வாங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கங்க. ஒரு காலு ஆடும், செவுத்துப் பக்கமா சாச்சு உக்காருங்க. அர்ச்சனைத் தட்டு அப்புறமா வாங்கிக்கலாம். இப்பவே வாங்கி வெச்சா வெத்தல வாடிரும். யாவாரத்துக்காகச் சொல்லல, உள்ளதச் சொல்றேன்.

என்ன, கடையில நான் மட்டும்தானான்னு பாக்குறீங்களா? எம்பொண்டாட்டி தனபாக்கியம் சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கா. புள்ளைங்களா? ஒரே பொண்ணு. இலக்கியான்னு பேரு. திருச்சில வேலை பாக்குறா, ஆஸ்டல்ல தங்கியிருக்கா. என்ன வேலையா? அதச் சொன்னா முழுசாச் சொல்லணும் சார். பாதி சொன்னா என்னத்தான் தப்பா நெனப்பீங்க. இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்காங்க. நீங்க வெளியூரு. ஒரு நியாயம் சொல்லுங்க.

என் பேரு மருதையன். எங்கப்பா கடை வெச்சவரு இல்ல. இதே வாசல்ல செதறு தேங்கா பொறுக்குனவரு. யாராச்சும் வேண்டுதலுக்குத் தேங்கா ஒடைச்சா, நாலு பேரோட முட்டி மோதிப் பொறுக்கி, அதக் காய வெச்சு எண்ணெய்ச் செக்குல போடுவாரு. நெத்தியில ஒரு தழும்பு இருக்கும் அவருக்கு, ஓடு தெறிச்சு வந்தது. அவரு பெத்த புள்ள நான் தேங்காய விக்கிறவனா ஆனேன். தரைக்கடை இல்ல சார், கோயிலுக்கு மாச வாடகை கட்டுற கடை. அப்ப எம்பொண்ணு எனக்கு மேல ஒரு படி போகணுமா வேணாமா? இஞ்சினியராக்கிப் பாக்கணும்னுதான் நான் நெனச்சேன். நெனச்சது நான்தான். அத மொதல்ல மனசுல வாங்கிக்கங்க.

இந்த வாசல்லேர்ந்து தேர்முட்டி வரைக்கும் என்னத் தவிர பதினாலு பேரு பொழைக்கிறாங்க. அதோ எதுத்தாப்புல பூ கட்டிக்கிட்டு உக்காந்திருக்காளே, வள்ளிக்கண்ணு. இந்தக் கதையில பாதி அவதான், நல்லாப் பாத்துக்கங்க. அதுக்கு அங்கிட்டு உப்பும் மொளகும் விக்கிற செல்லாத்தா. வளையக்கட காதர் பாய். எலுமிச்சம்பழ மாலை, வேப்பெல, மண்ணு வெளக்கு, செருப்பு டோக்கன்னு வரிசையாப் போகும். கடைசில தேரு நெழல்ல கோவிந்தசாமி. அவருக்குக் கட இல்ல, கையேந்துறவரு. ஆனா அவரையும் சேத்துத்தான் பதினாலு.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஸ்கேன் பண்ணிக் காசு போடுற அட்டைய மொதமொதல்ல இந்தத் தெருவுல ஒட்டுனது எங்கடையிலதான். கம்பெனிக்காரங்க வந்து, ஒங்க கடைதான் மெயினான கடைன்னாங்க. அவங்களாச் சொன்னது சார், நான் சொல்லிக்கல. அப்ப மத்தவங்க யாருகிட்டயும் இல்ல. வேணாம்னுட்டாங்க. வள்ளிக்கண்ணுக்கு பேங்குக் கணக்கு இருக்கு, ஆனா குழுக் கடன் தவணை அதுலேர்ந்து தானா எடுத்துக்கும். உள்ள போன காசு வெளிய வராது. செல்லாத்தாவுக்கு விதவைப் பென்சன் நின்னுருமோன்னு பயம். காதர் பாய்கிட்ட பட்டன் போனு. கோவிந்தசாமிக்கு என்ன இருக்கு, ஒரு தட்டு இருக்கு.

வர்ற ஜனம் எல்லாம் காச எடுத்துக்கிட்டு வர்றத நிறுத்திருச்சு. இருவது ரூவாப் பூவுக்கும் போன நீட்டுது. அப்ப நான்தான் சார் சொன்னேன், எங்கடையில ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, சாயங்காலம் நான் காசாக் குடுத்துர்றேன்னு. யாரும் கெஞ்சிக் கேக்கல. நானாச் சொன்னேன். பூ வாங்குனவங்களும் இங்க வந்து ஸ்கேன் பண்ணுவாங்க, வளையல் வாங்குனவங்களும் இங்க வந்து ஸ்கேன் பண்ணுவாங்க. கோவிந்தசாமிக்குப் பத்து ரூவா போடணும்னா கூட இங்கதான். நான் ஒரு சிட்டையில குறிச்சு வெச்சுக்குவேன்.

ரெண்டு ரூவா எடுத்துக்கிட்டேன். நூத்துக்கு ரெண்டு. அதுல என்ன தப்பு? இங்கேர்ந்து ஏடிஎம்முக்கு நாலு கிலோமீட்டரு. போனா பாதி நாளு மெசின்ல காசு இருக்காது. இருந்தா வரிசை நிக்கும். மாசத்துக்கு அஞ்சு தடவைக்கு மேல எடுத்தா பேங்குக்காரன் வேற புடிச்சுக்குவான். இதெல்லாம் யாரு செஞ்சது, வள்ளிக்கண்ணுவா? நான் செஞ்சேன். கூலி எடுத்துக்கிட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் இங்க வந்து வரிசையா நிப்பாங்க. நான் சிட்டையப் பாத்து ஒவ்வொருத்தராக் கூப்புடுவேன். மொதலாளி மாதிரி நடந்துக்குறேன்னு அப்பவே காதர் பாய் கேலி பண்ணுவாரு. பேரச் சொல்லிக் கூப்புட்டா மொதலாளியா? ஒழுங்கு வேணாமா? ஒரு நா வள்ளிக்கண்ணு மத்தியானமே வந்துட்டா, புள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போகணும், என் எண்ணூறு ரூவாயக் குடுங்கண்ணேன்னு. வெள்ளிக்கெழம சார் அது. கூட்டம் அலமோதுது. கல்லாவுல காசு இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா எண்ணிக் குடுக்க நேரமில்ல. அந்தப் பக்கமா நில்லும்மான்னேன். நின்னா. ரெண்டு மணி நேரம் நின்னா. அப்புறம் நானும் மறந்துட்டேன். ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல? நில்லுன்னா அப்படியே நிக்கிறதா? அத இன்னி வரைக்கும் மனசுல வெச்சிருக்கா.

எம்பொண்ணு அப்ப பதினொண்ணாவது படிக்கிறா. ஒரு நா என் போன நோண்டிக்கிட்டிருந்தவ, "அப்பா, இதெல்லாம் உங்க வருமானம்னு காட்டும்ப்பா. வேணாம்ப்பா, அவங்கவங்களுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க"ன்னா. நான் சிரிச்சேன். "காட்டட்டுமே, நாலு பேரு மதிப்பாங்கல்ல"ன்னேன். சின்னப்புள்ள, அவளுக்கு என்ன தெரியும் யாவாரத்தப் பத்தி?

மதிச்சாங்க சார். அந்தக் கம்பெனிலேர்ந்து எனக்கு ஒரு சான்றிதழ் அனுப்புனாங்க. இந்த மாவட்டத்துல சிறந்த சிறு வணிகர்னு, என் போட்டோ போட்டு, வருஷத்துக்கு இத்தன லட்சம் வரவுன்னு எழுதி. எங்கப்பா பேருல வாழ்நாள்ல வந்த ஒரே காயிதம் அவரு சாவு சர்டிபிகேட்டு. எனக்கு வந்தது இது. பிரேம் போட்டு அங்க மாட்டுனேன், ஆத்தா படத்துக்குப் பக்கத்துல. ஆணி மட்டும் இருக்கு பாருங்க, அந்த எடந்தான்.

பன்னெண்டாவதுல எம்பொண்ணு நல்ல மார்க்கு எடுத்தா. ஒரு டிரஸ்டு இருக்கு, பேரு வேணாம், ஏழப் புள்ளைங்கள நாலு வருஷமும் படிக்க வெப்பாங்க. காலேஜ் பீசு, ஆஸ்டல், பொஸ்தகம், எல்லாம் அவங்களே. ஆறு லட்சம் ஆகும் மொத்தமா. இவளே விண்ணப்பம் போட்டா, இவளே பரீச்ச எழுதுனா, இவளே போயி நேர்காணல்ல பேசுனா. நாநூறு பேருல முப்பது பேர எடுத்தாங்க. அதுல எம்பொண்ணு ஒண்ணு. கடைசியா வீட்டுக்கு வந்து பாத்துட்டு கையெழுத்துப் போடுவோம்னு சொல்லியிருந்தாங்க.

வீட்டுக்கு வந்து பாக்குறாங்கன்னா என்ன அர்த்தம்? நல்ல குடும்பமான்னு பாப்பாங்க. அப்படித்தானே நாம நெனப்போம்? பொண்ணு பாக்க வர்றவங்களுக்குச் செய்யுறதயெல்லாம் செஞ்சேன் சார். வெள்ளையடிச்சேன். காதர் பாய் வீட்டு சோபாவத் தூக்கிட்டு வந்து போட்டேன். எம்பொண்டாட்டிக்கு அவ தங்கச்சி நகைய வாங்கிப் போட்டுவிட்டேன். எம்பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டா. "அப்பா, நாம கஷ்டப்படுறவங்கன்னு பாக்கத்தான்ப்பா வர்றாங்க"ன்னா. கஷ்டப்படுறவன்னா அழுக்குச் சட்டையோடயா நிக்கணும்? அப்படி ஒரு பிச்ச எனக்கு வேணாம்னு சொல்லிட்டேன்.

ஒரு அம்மா வந்தாங்க. மெதுவாப் பேசுறவங்க. வீட்டப் பாத்தாங்க, பாதாம் பாலு குடிச்சாங்க. கடையப் பாக்கணும்னாங்க. கூட்டிட்டு வந்தேன். அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே அந்தச் சான்றிதழக் கழட்டி அவங்க கையில குடுத்தேன். படிச்சாங்க. ரெண்டு தடவ படிச்சாங்க. அப்புறம் எம்பொண்ணப் பாத்து, பேங்கு ஸ்டேட்மெண்டு கொண்டாந்திருக்கியாம்மான்னாங்க. குடுத்தா.

"ஐயா, போன வருஷம் உங்க கணக்குல இருபத்திரெண்டு லட்சம் வந்திருக்கு. எங்க வரம்பு ஒன்றரை லட்சம். என் சம்பளத்தவிட இது நாலு மடங்கு."

அப்பத்தான் சார் எனக்கு ஒரைச்சுது. அம்மா அம்மா, அது என் காசு இல்லம்மா, அதுல பதினேழு லட்சம் இந்தத் தெருவு காசும்மா, எனக்கு மாசம் பன்னெண்டாயிரம் நின்னாப் பெருசும்மான்னு சொல்றேன். சிட்டையக் காட்டுறேன். அந்தம்மா நல்லவங்கதான், இல்லேன்னு சொல்லக் கூடாது. "சரி, இந்தப் பதினாலு பேரும் இது எங்க பணம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். பத்து நாள் டைம் தர்றேன். பத்தாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஆபீசுக்கு வந்துரணும். அதுக்கு மேல அந்த எடம் அடுத்த புள்ளைக்குப் போயிரும்"னாங்க.

பதினாலு கையெழுத்து. அவ்வளவுதான். அவங்க காசு அவங்க காசுன்னு சொல்றதுக்கு என்ன நோவுது? நான் அன்னிக்கே எல்லாரையும் தேர்முட்டிகிட்ட வரச் சொன்னேன். விஷயத்தச் சொன்னேன். செல்லாத்தா மட்டும் பென்சனுக்கு ஒண்ணும் ஆகாதுல்லன்னு கேட்டா. ஆகாதுன்னு எம்பொண்ணு படிச்சுப் படிச்சு எடுத்துச் சொன்னா. அப்ப வள்ளிக்கண்ணு எந்திரிச்சா.

"போடுறோம்ண்ணே. எல்லாரும் போடுறோம். உங்க பொண்ணு படிக்கிறதுல எங்களுக்கென்ன பொறாம? ஆனா இது எங்க காசுன்னு எழுதணும்னா, நீங்க எடுத்த ரெண்டு ரூவாயும் எங்க காசுதான? அதையும் குடுத்துருங்க. முழுசா எங்க காசுன்னு எழுதித் தர்றோம்."

பாத்தீங்களா? நேரம் பாத்து அடிக்கிறா. எம்பொண்ணு அங்கயே போன எடுத்துக் கூட்டிப் பாத்தா. ரெண்டு வருஷத்துக்கு மேல எடுத்தது, எழுபத்திரெண்டாயிரம் ரூவா. எனக்கே தெரியாது அவ்வளவு இருக்கும்னு. "குடுத்துரலாம்ப்பா"ன்னா. எல்லார் முன்னாடியும். பெரியவங்க பேசுற எடத்துல ஒனக்கென்ன பேச்சுன்னு அதட்டுனேன்.

அந்தக் காச நான் குடிச்சு அழிச்சேனா? சீட்டாடுனேனா? சேத்து வெச்சு எம்பொண்ணுக்கு ஒன்றரைப் பவுன்ல சங்கிலி வாங்கி வெச்சிருக்கேன். அவளுக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் அதத்தான் கேட்டா, "அந்தச் சங்கிலிய வித்துருங்கப்பா, எனக்குச் சங்கிலி வேணாம்ப்பா"ன்னு. கல்யாணத்துக்கு வெச்ச நகைய வித்துப் பொண்ணப் படிக்க வெக்கிறதா? நாளைக்கு மாப்ள வீட்டுக்காரன் கேட்டா எதக் காட்டுறது, டிகிரி காயிதத்தையா? நீங்க சிரிக்கிறீங்க. மெட்ராஸ்ல இருக்கீங்க, சிரிப்பீங்க.

கணக்குன்னு பாத்தா எனக்கும் தெரியுது சார். ஆறு லட்சம் பெருசா, எழுபத்திரெண்டாயிரம் பெருசா? அஞ்சாவது படிச்சவனுக்கும் தெரியும். ஆனா இது கணக்கு இல்ல. நான் திருப்பிக் குடுத்தா என்ன அர்த்தம்? நான் இவங்ககிட்டேர்ந்து புடுங்கித் தின்னேன்னு அர்த்தம். பூக்காரி முன்னாடி, பிச்சைக்காரர் முன்னாடி. எங்கப்பா இதே எடத்துல எல்லார் காலுக்கு நடுவுலயும் குனிஞ்சு பொறுக்குனாரு. நான் குனியக்கூடாதுன்னுதானே இவ்வளவு பாடுபட்டேன்.

அதுவுமில்லாம, எனக்கு யாவாரம் தெரியும். இருபத்தஞ்சு வருஷமா இந்தக் கல்லாவுல உக்காந்திருக்கேன். வெல கேட்டுட்டு வேணாம்னு போவான் பாருங்க, அவனக் கூப்பிடக் கூடாது. பத்தடி போவான், திரும்பிப் பாப்பான். நாம வேற பக்கம் பாத்துக்கிட்டு தேங்கா நாரு உரிக்கணும். திரும்பி வருவான். வந்தப்புறம் நாம சொன்னதுதான் வெல. வள்ளிக்கண்ணு எவ்வளவு நாளைக்குப் புடிவாதம் புடிப்பா? தெனமும் அவ பூவுக்கு வர்ற காசு எங்கிட்டத்தான் வருது. தானா எறங்கி வருவான்னு இருந்தேன்.

நாலு நா ஆச்சு. அஞ்சு நா ஆச்சு. எம்பொண்ணு ஒவ்வொரு கடையா ஏறி எறங்குனா. நான் கண்டும் காணாதது மாதிரி இருந்தேன். கோவிந்தசாமி மட்டும் கைநாட்டு வெச்சுக் குடுத்துட்டாரு. எனக்கு ஒண்ணும் வேணாம் தாயி, நீ படின்னு. அத வெச்சு என்ன பண்றது? மாசம் மூவாயிரம் பிச்ச வருதுன்னு கைநாட்டு! மத்தவங்க எல்லாம் வள்ளிக்கண்ணு மொகத்தப் பாத்தாங்க.

ஒம்பதாவது நா, மத்தியானம், இதே நேரந்தான். காதர் பாய் வந்தாரு. நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த ஸ்டூல்லதான் உக்காந்தாரு. "மருதை, பாதி குடு. முப்பத்தாறு. மீதிய நான் பேசி முடிக்கிறேன். எல்லாரும் மசிஞ்சுதான் இருக்காங்க. புள்ள மொகத்தப் பாக்க முடியல"ன்னாரு.

எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோசம் தெரியுமா? எறங்கிட்டாங்க! பத்தடி போயித் திரும்பிப் பாத்துட்டாங்க! முழுசுலேர்ந்து பாதிக்கு ஒரே எட்டுல வந்தவங்க, நாளைக்கு ஒண்ணுமில்லாம வருவாங்க. வெல எறங்குறப்ப சரின்னு சொல்றவன் யாவாரியே இல்ல. நான் தேங்கா உரிச்சுக்கிட்டே சொன்னேன், பாக்கலாம் பாய்னு. அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு.

மறுநாள் விடிகாலையிலேர்ந்து வாசலயே பாத்துக்கிட்டிருந்தேன். யாரும் வரல. பத்து மணி ஆச்சு. பன்னெண்டு ஆச்சு. எம்பொண்ணு குளிச்சுட்டு, ஃபைலக் கையில வெச்சுக்கிட்டு, பஸ்ஸுக்கு ரெடியா அந்தப் படியில உக்காந்திருந்தா. டிரஸ்டு ஆபீசு திருச்சில, போக ஒரு மணி நேரம் ஆகும். மூணே முக்கால் பஸ்ஸ விட்டா அவ்வளவுதான். மூணு மணிக்கு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு சார். எந்திரிச்சுப் போயி பாய்கிட்ட, சரி பாதின்னு சொல்லிருவோமான்னு நெனச்சேன். நெசமா நெனச்சேன். செருப்பக்கூட மாட்டிட்டேன். அப்ப வள்ளிக்கண்ணு இந்தப் பக்கம் பாத்தா. பாத்துட்டு, பூவக் கட்ட ஆரம்பிச்சா. நான் பண்ற அதே வேலைய எங்கிட்டயே பண்றா! நான் திரும்ப வந்து ஒக்காந்துட்டேன்.

பஸ்ஸு அந்தா அந்த வளைவுல திரும்புனது தெரிஞ்சுது. நின்னுச்சு. போச்சு. எம்பொண்ணு ஃபைல மடியில வெச்சுக்கிட்டு அப்படியே ஒக்காந்திருந்தா. அழல. அழுதிருந்தா கூட நான் ஏதாச்சும் பேசியிருப்பேன்.

இப்ப என்ன வேலைன்னு கேட்டீங்கல்ல? அடுத்த மாசமே ஒரு ஏஜென்சில சேந்துட்டா. கடை கடையாப் போயி ஸ்கேன் அட்டை ஒட்டி, காசு வந்தா வாயால சொல்லுமே ஒரு பொட்டி, அத மாட்டி விடுற வேலை. பதினோராயிரம் சம்பளம். வெயில்ல அலையணும். கம்ப்யூட்டர் இஞ்சினியர் ஆக வேண்டியவ. மொதல்ல எந்தத் தெருவுக்கு வந்தா தெரியுமா? இந்தத் தெருவுக்குத்தான். பதினாலு பேருக்கும் புதுசாக் கணக்கு ஆரம்பிச்சு, குழுக் கடன் தொடாத கணக்கு, ஆளுக்கு ஒரு அட்டை, ஆளுக்கு ஒரு பொட்டி. கோவிந்தசாமிக்குக் கழுத்துல மாட்டி விட்டா. செல்லாத்தாவுக்கு அவ பென்சன் எப்பவும் போல வருது, ஒண்ணும் நிக்கல. எங்கடைக்கும் வந்தா. "உங்களுக்குத்தான் இருக்கேப்பா"ன்னுட்டுப் போயிட்டா.

அன்னியோட சாயங்கால வரிசை நின்னுபோச்சு. ஆறு மணிக்கு யாரு வர்றா? கம்பெனிக்காரன் சான்றிதழ் அனுப்புறதயும் நிறுத்திட்டான். நான்தான் அதக் கழட்டிப் பரண்ல போட்டேன்.

இன்னொண்ணு சொல்றேன், வயித்தெரிச்சல். வள்ளிக்கண்ணு மவன் இந்த வருஷம் பன்னெண்டாவது முடிச்சான். அதே டிரஸ்டு. விண்ணப்பம் போட்டுக் குடுத்தது யாருங்குறீங்க? எம்பொண்ணு! ராத்திரி பகலா போன்ல சொல்லிக் குடுத்திருக்கா, நேர்காணல்ல என்ன கேப்பாங்க, எப்படிப் பேசணும்னு. அன்னிக்கு வந்த டிரஸ்டு அம்மாவே திரும்ப வந்தாங்க. வள்ளிக்கண்ணு கணக்கப் பாத்தாங்க. மாசம் பத்தாயிரம், அவ பேருல அவ பூவு காசு, சுத்தமா. பத்தே நிமிஷம், கையெழுத்துப் போட்டுட்டாங்க. பையன் காலேஜுக்குப் போயிட்டான். என்னப் பாத்தா இப்பவும் வணக்கம் மாமான்னுதான் சொல்றான். அது எதுக்கு? குத்திக் காட்டத்தானே?

எம்பொண்ணு வீட்டுக்கு வர்றா, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ. அம்மாகிட்டப் பேசுவா. எங்கிட்டயும் பேசுவா, சாப்ட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பான்னு. மரியாதைக்கு ஒரு கொறச்சலும் இல்ல. சண்ட போட மாட்டா. நான் எவ்வளவோ தடவ ஆரம்பிச்சுப் பாத்துட்டேன். இன்னிக்கு அந்தச் சங்கிலி என்ன வெல போவும் தெரியுமாடி, டபுளாயிருச்சு, வித்திருந்தா போயிருக்கும்லன்னேன். "ஆமாப்பா"ன்னா. அவ்வளவுதான்.

இருங்க. சத்தம் கேட்டுச்சா? வள்ளிக்கண்ணு பொட்டி. நூத்தி இருவது ரூபாய் பெறப்பட்டதுன்னுச்சே. இந்த நேரத்துல யாரு பூ வாங்குனா, தெருவுல ஈ காக்கா இல்ல. இன்னிக்குத் தேதி ஒண்ணுல்ல? அதான். அடுத்து செல்லாத்தா பொட்டி கேக்கும் பாருங்க. கேட்டுச்சா? எம்பதா, தொண்ணூறா? அப்புறம் பாயிது. இப்படியே தேர்முட்டி வரைக்கும் ஒவ்வொண்ணாப் போகும். கடைசில கோவிந்தசாமி கழுத்துல கத்தும்.

எம்பொண்ணுதான். சாப்பாட்டு நேரத்துல உக்காந்து போடுறா. நான் எடுத்த ரெண்டு ரூவாய, யாருகிட்ட எவ்வளவு எடுத்தேனோ அதப் பிரிச்சு, மாசா மாசம் அவ சம்பளத்துலேர்ந்து ஆயிரத்தி ஐநூறு ரூவா. அவங்க கேக்கல. வள்ளிக்கண்ணுவே வேணாம் கண்ணுன்னு சொல்லிப் பாத்துட்டா. கேக்க மாட்டேங்குறா. பதினாறு மாசமாப் போடுறா. மொத்தமா நாலு வருஷம் ஆகும் முடிக்க. அந்தப் படிப்பும் நாலு வருஷந்தான் சார்.

எனக்கு எதுவும் வராது. என்ன சொல்லி வரும்?

என்னது? நீங்களே அந்தப் பாக்கியக் குடுத்து முடிச்சிரலாமேங்குறீங்களா? எம்பொண்டாட்டியும் இதத்தான் சொல்றா. காதர் பாயும் சொல்றாரு. எங்கிட்ட இல்லாம இல்ல சார். சங்கிலி பீரோவுலதான் கெடக்கு, நாளைக்கே வித்தா மொத்தத்தையும் குடுத்துட்டு மேல கொஞ்சம் மிஞ்சும். ஆனா யோசிச்சுப் பாருங்க. இப்பக் குடுத்தா என்ன ஆவும்? அன்னிக்கே குடுத்திருக்கலாம்னு ஆயிரும். அந்தப் பஸ்ஸு போறப்ப எம்பொண்ணு அந்தப் படியில ஃபைலோட ஒக்காந்திருந்தாளே, அதுக்கு வள்ளிக்கண்ணு காரணமில்ல, கம்பெனி காரணமில்ல, நான்தான் காரணம்னு ஆயிரும். அப்புறம் அத வெச்சுக்கிட்டு ஒரு தகப்பன் எப்படி சார் உசுரோட இருக்குறது?